பழைய ஆர்.பி.ஜி. கேம்கள்: முறையாக வாங்குவது, ஓட வைப்பது, காப்பாற்றி வைப்பது

டர்பனில் இருந்தாலும் லெனேசியாவில் இருந்தாலும், பழைய கணினி ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும்) கேம்களைத் தேடுகிறவர்கள் முதலில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் தவறான இடம். பெயரைத் தட்டியதும், உரிமையாளர் கைவிட்டவை என்று சொல்லிப் பழைய கேம்களைக் கொடுக்கும் ‘அபாண்டன்வேர்’ தளம் ஒன்று வரும். அங்கிருந்து ஒரு ஜிப் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். அதில் கையேடு இருக்காது. பேச்சு ஒலியும் இசையும் இடத்தை மிச்சப்படுத்த நீக்கப்பட்டிருக்கலாம். பிழைத்திருத்தம் எதுவும் சேராத முதல் பதிப்பாகவும் இருக்கலாம். அதே கேம் முறையான கடையில், கையேடும் வரைபடமும் சேர்த்து, தள்ளுபடி நாளில் ஒரு கால் பன்னி சௌவின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். சிலவற்றை உரிமையாளர்களே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அபாண்டன்வேர் என்றொரு வகை சட்டத்தில் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், 1992இல் வந்த திருத்தம் கணினி நிரல்களைத் தனி வகையாகச் சேர்த்தது. பாதுகாப்புக் காலம் 50 ஆண்டு. 1981இல் வந்த முதல் அல்டிமாவுக்கே அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. கேமைச் செய்த நிறுவனம் மூடப்பட்டாலும் உரிமை மறைந்துவிடாது. திவாலான நிறுவனத்தின் மேசை நாற்காலியை விற்பதுபோல் அதையும் விற்பார்கள், யாராவது வாங்கியிருப்பார்கள்.

ஆகவே கேமின் பெயரை மட்டும் தேடாமல், அதன் உரிமை இன்று யாரிடம் இருக்கிறது என்று தேடுங்கள். அது தெரிந்தால் எந்தக் கடையில் இருக்கும், எந்தப் பெயரில் இருக்கும், ஏன் நடுவில் சில ஆண்டு காணாமல் போனது என்பதெல்லாம் விளங்கிவிடும். அல்டிமாவைச் செய்த ஆரிஜின் நிறுவனத்தை 1992இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. மைட் அண்ட் மேஜிக் செய்த நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் 1996இல் 3டிஓவுக்குப் போனது. 3டிஓ 2003இல் திவாலானபோது அந்தத் தொடர் யுபிசாஃப்டின் கைக்கு வந்தது. எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் வெளியிட்ட ‘பூல் ஆஃப் ரேடியன்ஸ்’ போன்ற கோல்ட் பாக்ஸ் வரிசை கேம்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் உரிமத்தில் வந்தவை. அவை வெகுகாலம் எந்தக் கடையிலும் இல்லாமல் இருந்து, 2015இல் ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடைக்கும் 2022இல் ஸ்டீம் என்ற இன்னொரு இணையக் கடைக்கும் வந்தன. தனித்தனியாகப் பெயரைத் தேடினால் சில சமயம் சிக்காது. ‘ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் ஆர்க்கைவ்ஸ்’ என்ற தொகுப்புப் பெயரில் தேட வேண்டும்.

உரிமை கைமாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஃபால்அவுட் நல்ல எடுத்துக்காட்டு. 1997இலும் 1998இலும் வந்த முதல் இரண்டு பாகங்களை இன்டர்பிளே ஜி.ஓ.ஜி.யில் விற்றுக்கொண்டிருந்தது. தொடரின் உரிமை பெதஸ்டாவிடம் போனதால் 2013 இறுதியோடு அவை அங்கே விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன. எடுப்பதற்குச் சில நாள் முன் இலவசமாகவே கொடுத்தார்கள். பிறகு 2015இல் பெதஸ்டா வழியாகத் திரும்பி வந்தன. இடைப்பட்ட காலத்தில், ஏற்கெனவே கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. மற்றவர்கள் வேறு வழி தேட வேண்டியிருந்தது. எனவே பிடித்த பழைய கேம் தள்ளுபடியில் வந்தால் விளையாட நேரம் இல்லாவிட்டாலும் வாங்கி, நிறுவும் கோப்பை இறக்கி வைத்துவிடுவதே எங்கள் யோசனை.

பணம் கொடுக்காமலே கிடைப்பவை

கடைக்குப் போகும் முன் இவற்றைப் பாருங்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடரின் முதல் கேமான ‘அரீனா’ 1994இல் வந்தது. பெதஸ்டா அதை 2004இல் இலவசமாக்கியது. இரண்டாவதான ‘டேகர்ஃபால்’ 1996இல் வந்தது, 2009இல் இலவசமானது. இரண்டும் 2022 முதல் ஸ்டீமிலும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1985இன் ‘அல்டிமா 4’ ஜி.ஓ.ஜி.யில் இலவசம், அதே தொடரின் கிளைகளான ‘சாவேஜ் எம்பயர்’, ‘மார்ஷியன் டிரீம்ஸ்’ இரண்டும் அப்படித்தான். 1987இல் தொடங்கி இன்றும் வளர்ந்துவரும் ‘நெட்ஹேக்’ திறந்த மூல நிரல், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம்.

ஒரு வேறுபாட்டை மனத்தில் வைக்க வேண்டும். நெட்ஹேக்கின் உரிமம் நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதிக்கிறது. டேகர்ஃபால் கட்டணமில்லாத கேம். ஆனால் உரிமை பெதஸ்டாவிடமே இருக்கிறது. கோவில் மண்டபத்திலோ வார இறுதித் தமிழ்ப் பள்ளியிலோ உள்ள கணினிகளில் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்க நெட்ஹேக் சிக்கலில்லாதது. கடையில் வாங்கிய ஒரு கேமை பத்துக் கணினியில் நிறுவிக்கொடுப்பது அப்படியல்ல. ஜி.ஓ.ஜி. கேம்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு கிடையாது என்பது உண்மை. உரிமம் என்னவோ வாங்கியவரின் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். சித்தப்பா மகனுக்கு நகலெடுத்துக் கொடுப்பதும் அதற்குள் வராது. தள்ளுபடியில் இன்னொன்று வாங்கிப் பரிசாக அனுப்பிவிடலாம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடங்களில் பிரவுசருக்குள்ளேயே பழைய டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமை) கேம்கள் ஓடும். அங்கே ஓடுகிறது என்பதால் உரிமையாளர் அனுமதி தந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கிருந்து பணம் கட்டும்போது

ஸ்டீமில் நமக்கு விலை ராண்டிலேயே தெரியும். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் ஸ்டீம் வாலட் வவுச்சரை ராண்டில் வாங்கிக் கணக்கில் ஏற்றிக்கொள்ளலாம். ஜி.ஓ.ஜி.யில் விலை டாலரில் வந்தால் மூன்று தொகையைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்: அன்றைய மாற்று விலை, வங்கி வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குப் பிடிக்கும் கட்டணம், வாட். வெளிநாட்டிலிருந்து வரும் மின்சேவைகளுக்கும் வாட் உண்டு என்ற விதி 2014 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது; இப்போது 15 விழுக்காடு. காட்டும் விலையில் அது அடங்கியிருக்கிறதா என்பதைக் கட்டணப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் பாதியில் நிற்பதற்குக் காரணங்கள் சில உண்டு. கார்டில் ‘வெளிநாட்டு ஆன்லைன் கொள்முதல்’ அணைந்திருக்கும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, ஆன்லைன் வரம்பையும் உயர்த்த வேண்டும். சில வங்கிகளின் மெய்நிகர் கார்டில் சி.வி.வி. எண் அவ்வப்போது மாறும். பிரவுசர் நினைவில் வைத்திருக்கும் பழைய எண் செல்லாது. ஒப்புதல் கேட்டு ஆப்புக்கு வரும் அறிவிப்பு சில நிமிடத்தில் காலாவதியாகும். லோட் ஷெடிங் நேரத்தில் பக்கத்து டவரின் பேட்டரி தீர்ந்துபோனால் அந்த அறிவிப்பு வந்தே சேராது. உங்கள் பகுதியில் மின்வெட்டு இருக்கும் நாள் என்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று வி.பி.என். போட்டு வேறு நாட்டுக்காரராகக் காட்டிக்கொள்வது ஸ்டீமின் விதிக்கு மாறானது. மிச்சமாகும் சில ராண்டுக்காக முழுக் கணக்கையும் பணயம் வைக்க வேண்டாம். குறைந்த விலைக்குக் ‘கீ’ (கேமைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு) மட்டும் விற்கும் தரகுத் தளங்களையும் விட்டுவிடுங்கள். அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

பிடிக்கவில்லை, ஓடவில்லை என்றால் ஜி.ஓ.ஜி.யில் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேமைத் திறந்து விளையாடியிருந்தாலும் கேட்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆர்.பி.ஜி. கேமில் இரண்டு மணி நேரம் ஆறு பேருக்குப் பெயர் வைத்து, புள்ளி பிரித்து, ஆயுதம் வாங்குவதிலேயே போய்விடும். அதனால் முதல் முறை திறக்கும்போது பாத்திரம் படைப்பதில் இறங்காதீர்கள். தயாராக இருக்கும் குழுவைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். ஒலி வருகிறதா, திரை சரியா, சேவ் செய்து மூடித் திறந்தால் அது திரும்ப வருகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

எந்தப் பதிப்பு

இங்கேதான் அதிகம் பேர் குழம்புகிறார்கள். ‘பால்டர்ஸ் கேட்’ 1998இல் ஐந்து சி.டி.யில் வந்தது. 2012இல் பீம்டாக் நிறுவனம் அதன் மேம்பட்ட பதிப்பை வெளியிட்டது. அகலத் திரை, இரண்டாம் பாகத்தின் விதிமுறைகள், புதிய துணைப் பாத்திரங்கள் எல்லாம் அதில் உண்டு. ஜி.ஓ.ஜி.யில் மேம்பட்ட பதிப்பை வாங்கினால் பழைய மூலப் பதிப்பும் கூடவே வரும். நூலகத்தில் கூடுதல் பொருட்கள் பகுதியைத் திறந்து பார்க்காததால் அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. முதன்முறை விளையாடுகிறவர்கள் மேம்பட்ட பதிப்பை எடுக்கலாம். பழையதை ஏற்கெனவே முடித்தவர்களுக்கு மூலப் பதிப்பின் நிதானமும் அதன் வெறுமையான காடுகளும் வேறு சுவை தரும். அதற்காக இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. ‘ஐஸ்விண்ட் டேல் 2’ 2002இல் வந்தது. அதன் மூல நிரல் கிடைக்காததால் மேம்பட்ட பதிப்பு வரவில்லை. பழையதைத்தான் வாங்கியாக வேண்டும்.

‘பார்ட்ஸ் டேல்’ மூன்று பாகங்களுக்கும் 2018இல் புதுப்பித்த தொகுப்பு வந்தது. தானாக வரையும் வரைபடம் அதில் இருக்கிறது. கட்டத்தாளில் கோடு போட்டு நகரத்தை வரைவதில் ஆர்வம் இல்லாதவர்கள் அதையே எடுக்கட்டும். ‘விசர்ட்ரி’ முதல் பாகத்தை டிஜிட்டல் எக்லிப்ஸ் 2024இல் புதிய படங்களோடு முழுமையாக வெளியிட்டது. உள்ளே ஓடுவது பழைய ஆப்பிள் 2 நிரல்தான். திரையின் ஒரு மூலையில் அதை அப்படியே பார்த்துக்கொண்டே விளையாடலாம். பழைய கேமைப் புதுப்பிக்க இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரிந்து இல்லை.

எந்தப் பதிப்பானாலும் கையேட்டு பி.டி.எஃப்.களைத் தனியாக இறக்கிக்கொள்ளுங்கள். ஜி.ஓ.ஜி.யில் கேமை நிறுவும்போது அவை எல்லாம் தானாக வந்துவிடாது. எண்பதுகளின் கேம்களில் கையேடு விளையாட்டின் பாதி. பூல் ஆஃப் ரேடியன்ஸ் நடுநடுவே “இத்தனையாவது குறிப்பைப் படி” என்று மட்டும் சொல்லும். கதையின் அந்தப் பகுதி ‘அட்வென்ச்சரர்ஸ் ஜர்னல்’ என்ற கையேட்டில் இருக்கும். வட்டில் எழுத்துக்கு இடம் போதாததால் அப்படிச் செய்தார்கள். 1988இன் ‘வேஸ்ட்லேண்ட்’ கேமும் அப்படியே. அதில் இன்னொரு கண்ணியும் உண்டு: முன்கூட்டியே படித்துவிடுகிறவர்களை ஏமாற்ற, கேமில் நடக்கவே நடக்காத பத்திகளையும் சேர்த்திருக்கிறார்கள். கேட்கும்போது மட்டும் அந்த எண்ணைப் படியுங்கள். அல்டிமா 4இல் எந்த மந்திரத்துக்கு எந்த மூலிகைகளைக் கலக்க வேண்டும் என்பது கேமுக்குள் இல்லை, உடன்வரும் மந்திர நூலில் இருக்கிறது. அது இல்லாமல் இறங்கினால் பொருளும் பொன்னும் வீணாகும்.

இறக்குதலும் ஓட வைத்தலும்

பழைய கேம்கள் சின்னவை. அல்டிமா 4 சில மெகாபைட்டுக்குள் அடங்கும். கோல்ட் பாக்ஸ் கேம்களும் இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. மேம்பட்ட பதிப்புகள்தான் கிகாபைட் கணக்கில் போகும். வீட்டில் ஃபைபர் இல்லாமல் மொபைல் டேட்டாவை நம்பியிருந்தால், நள்ளிரவுக்குப் பின் மட்டும் செல்லும் இரவு டேட்டாவைப் பயன்படுத்துங்கள். ஜி.ஓ.ஜி. தளத்தில் கேமின் பக்கத்தைத் திறந்தால் ‘ஆஃப்லைன் பேக்கப் இன்ஸ்டாலர்’ என்ற பகுதி இருக்கும். இறக்க வேண்டியது அதை. பெரிய கேம்கள் ஒரு இ.எக்ஸ்.இ. (.exe) கோப்பும் ‘பின்’ (.bin) என்ற பின்னொட்டுள்ள சில கோப்புகளுமாகப் பிரிந்து வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும், பெயரை மாற்றக் கூடாது. ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். பிரவுசர் வழியாக இறக்கும்போது இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம், ஜி.ஓ.ஜி. கேலக்ஸி என்ற அவர்களின் ஆப் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நிறுவும் இடம் முக்கியம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டருக்குள் பழைய கேமைப் போடாதீர்கள். அங்கே எழுத விண்டோஸ் அனுமதிக்காது. கேம் எழுதிய சேவ் கோப்பைச் சத்தமில்லாமல் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். சேவ் காணாமல் போனதாகத் தெரிவதற்கும், மாட் (ஆர்வலர்கள் கேமை மாற்றச் செய்த கோப்புகள்) போட்டும் கேம் மாறாததற்கும் பல சமயம் இதுதான் காரணம். சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

டாஸ் கேம்கள், பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் வழியாக ஓடும். கடையிலிருந்து வருபவற்றில் அது கூடவே இருக்கும். சண்டையில் எழுத்துகள் படிக்கும் முன் ஓடிவிட்டால், அல்லது நடை தள்ளாடினால், மாற்ற வேண்டியது, டாஸ்பாக்ஸின் வேகத்தைக் குறிக்கும் ‘சைக்கிள்ஸ்’ அளவு. கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். எண்பதுகளின் நடுப்பகுதி கேம்களுக்குச் சில நூறு போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு 3,000 முதல் 10,000 வரை வைத்துப் பாருங்கள். 1992இன் ‘அல்டிமா 7’ போன்றவற்றுக்கு அதற்கும் மேலே வேண்டும். சுட்டி சிக்கிக்கொண்டால் கன்ட்ரோலோடு எஃப்10. சரியான அளவு கிடைத்ததும் அதை டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் டாஸ்பாக்ஸில்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லை. ஒரு பழைய கேமில் இரண்டு பகுதி இருக்கிறது: ஓட்டும் நிரல் ஒன்று, வரைபடம், உரையாடல், படம், இசை அடங்கிய தரவு இன்னொன்று. நீங்கள் காசு கொடுத்து வாங்குவதில் உண்மையான மதிப்பு தரவுக்குத்தான். ஓட்டும் நிரலுக்குப் பதிலாக ஆர்வலர்கள் புதிதாக எழுதிய திறந்த மூல நிரல்கள் பல கேம்களுக்கு இருக்கின்றன. அவற்றில் தரவு இருக்காது, நீங்கள் வாங்கியதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் அவற்றை முறையாகப் பகிர முடிகிறது. அல்டிமா 7க்கு எக்ஸல்ட். அதற்கு வேண்டியது கேமின் ‘ஸ்டாட்டிக்’ ஃபோல்டர். டேகர்ஃபாலுக்கு ‘டேகர்ஃபால் யூனிட்டி’; ‘அரீனா2’ ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். எல்டர் ஸ்க்ரோல்ஸின் மூன்றாவதான ‘மாரோவிண்டு’க்கு ஓபன் எம்.டபிள்யூ. மைட் அண்ட் மேஜிக்கின் 4, 5ஆம் பாகங்கள் இணைந்த ‘வேர்ல்ட் ஆஃப் ஜீன்’, ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’ முதல் இரண்டு பாகங்கள், ‘லேண்ட்ஸ் ஆஃப் லோர்’ முதல் பாகம் ஆகியவை ஸ்கம் வி.எம். என்ற நிரலில் ஓடும். அங்கே சைக்கிள்ஸ் தொல்லையே இல்லை. ஃபால்அவுட் இரண்டுக்கும் ‘கம்யூனிட்டி எடிஷன்’ இருக்கிறது. மாஸ்டர், கிரிட்டர் என்ற இரண்டு டாட் கோப்புகளையும் டேட்டா ஃபோல்டரையும் ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு எடுத்துப் போனால், மின்சாரம் போன இரண்டு மணி நேரமும் ஃபோனிலேயே விளையாடலாம்.

ஜி.ஓ.ஜி. ஃபோல்டரில் தரவுக் கோப்புகளைக் காணவில்லை என்றால், ‘கேம்’ என்ற பெயரில் ஜி.ஓ.ஜி. பின்னொட்டோடு ஒரு பெரிய கோப்பு இருக்கிறதா பாருங்கள். அது சி.டி.யின் படிமம், அதாவது வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கிய நகல். பக்கத்தில் அதே பெயரில் ஐ.என்.எஸ். பின்னொட்டோடு இருப்பது, படிமத்தில் எது எங்கே என்று சொல்லும் கியூ (.cue) கோப்பு. பின்னொட்டை ‘பின்’ (.bin), ‘கியூ’ என்று மாற்றிய நகலைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கலாம். கியூ கோப்புக்குள் எழுதியிருக்கும் பெயரையும் மாற்ற மறக்காதீர்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் ‘இன்னோ எக்ஸ்ட்ராக்ட்’ நிரலால் விண்டோஸ் இன்ஸ்டாலரையே பிரித்துவிடலாம்.

மாட் போடுவதாக இருந்தால் விளையாடத் தொடங்கும் முன் போட்டு முடியுங்கள். முதலில் பிழைத்திருத்தம், பிறகு புதிய உள்ளடக்கம், கடைசியில் சின்னச் சின்ன வசதி மாற்றங்கள். பால்டர்ஸ் கேட் மேம்பட்ட பதிப்பில் ‘சீஜ் ஆஃப் டிராகன்ஸ்பியர்’ என்ற கூடுதல் பாகம் சேர்ந்திருந்தால், அது ஜி.ஓ.ஜி.யிலும் ஸ்டீமிலும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டப்பட்டு வரும், அதைப் பிரித்துச் சேர்க்கும் ‘டி.எல்.சி. மெர்ஜர்’ என்ற கருவி முதலில் ஓடினால்தான் மற்ற மாட்கள் அதைக் காண முடியும். ஸ்டீமில் தானாகப் புதுப்பிப்பு வந்து மாட் அமைப்பைக் கலைத்துவிடும். ஆஃப்லைன் இன்ஸ்டாலரால் நிறுவியதில் அந்தக் கவலை இல்லை.

பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு

பாப் ஷாப், கம்ட்ரீ, பழைய பொருள் கடைகள் எல்லாவற்றிலும் பெட்டிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. பணம் அனுப்பும் முன் நான்கு படம் கேளுங்கள்: வட்டின் பின்புறம், கையேடு, சாவி எண் ஒட்டிய இடம், கேம் கேட்கும் சொல்லைக் கண்டுபிடிக்க உதவும் குறியீட்டுச் சக்கரம். வட்டின் பின்புறம் வெள்ளி நிறமாக இருந்தால் ஆலையில் அச்சான வட்டு. நீலம், பச்சை, ஊதா சாயல் இருந்தால் யாரோ வீட்டில் எழுதிய நகல். பெட்டி அசலாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள். ‘நெவர்விண்டர் நைட்ஸ்’ சாவி இல்லாமல் நிறுவவே நிறுவாது. கோல்ட் பாக்ஸ் வட்டுகள், எஸ்ப்ருவார், டெத்தெக் என்ற கற்பனை எழுத்துகள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து ஒரு சொல்லைத் தட்டச் சொல்லும். சக்கரம் இல்லாத பெட்டிக்குப் பாதி விலை கூடக் கொடுக்கத் தேவையில்லை. ‘வேர்ல்ட் ஆஃப் ஜீன்’ கேமின் பாதியான 1992இன் ‘கிளவுட்ஸ்’ மட்டும் கிடைத்தால், 1993இன் ‘டார்க்சைட்’ இல்லாமல் முழுக் கதையும் திறக்காது.

ஃபால்அவுட் வட்டு பிரிட்டனில் விற்ற பதிப்பாக இருந்தால், அதில் குழந்தைகளின் உருவங்கள் நீக்கப்பட்டிருக்கும். இரண்டாம் பாகத்தில் ‘டென்’ என்ற ஊரில் நடந்தால் கண்ணுக்குத் தெரியாத யாரோ பையிலிருந்து பொருளை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் கணினியில் கோளாறு எதுவும் இல்லை. உருவம் நீங்கிய பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள். ஆர்வலர்கள் செய்த திருத்தம் அதைச் சரிசெய்யும்.

டர்பன் கடற்கரையின் ஈரக்காற்று ஃப்ளாப்பிக்குப் பகை. உலோகக் கதவைத் தள்ளி உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. டிரைவில் போட்டால் அந்த வட்டும் கெடும், தலை அழுக்காகி அடுத்து போடும் வட்டும் கெடும். யு.எஸ்.பி. ஃப்ளாப்பி டிரைவ் மூன்றரை அங்குல 1.44 மெகாபைட் வட்டைப் படிக்கும். பழைய 720 கிலோபைட் வட்டைச் சில டிரைவ்கள் படிக்காது. ஐந்தே கால் அங்குல வட்டுக்கு அதற்கான பழைய டிரைவும், அதைக் கணினியோடு இணைக்கும் கிரீஸ்வீசில் போன்ற ஒரு மின்பலகையும் வேண்டும். சி.டி.யை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைபோல் ஒளி வந்தால் அச்சுப் பூச்சு உதிர்ந்திருக்கிறது.

வட்டு நன்றாக இருந்தும் விண்டோஸ் 95 காலத்து கேம் நிறுவ மறுக்கலாம். அதன் நிறுவும் நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டாது. கேம் 32 பிட் என்றால் வட்டிலிருந்து கோப்புகளை நேரடியாக எடுத்துப் பயன்படுத்த வழி இருக்கும். 2000ஐ ஒட்டி வந்த சில வட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டு உண்டு. விண்டோஸ் 10 அதன் டிரைவரை ஏற்பதில்லை. பூட்டை உடைக்கும் கிராக் தேடிப் போவதைவிட, அலமாரிக்குப் பெட்டியும் விளையாட ஜி.ஓ.ஜி. பதிப்பும் என்று வைத்துக்கொள்வதே நல்ல தீர்வு.

வட்டைப் படிமமாக்குவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 19பி பிரிவு, நிரலை முறையாக வைத்திருப்பவர் காப்புக்காகத் தேவையான அளவு நகலெடுக்கலாம் என்கிறது. நகல் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இருக்க வேண்டும். பெட்டியை விற்றுவிட்டால் நகலையும் அழித்துவிட வேண்டும். படிமம் எடுக்கும்போது, இசை ஆடியோ டிராக்காகப் பதிவான வட்டுக்கு ஐ.எஸ்.ஓ. போதாது. அதில் தரவு மட்டும் வரும், இசை விட்டுப்போகும். பின், கியூ வடிவத்தில் எடுங்கள்.

காப்புக்கு இரண்டு இடம் வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த குவாசுலு-நட்டால்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைக்கும் ஹார்ட் டிஸ்க் காப்புப் பெட்டி மட்டும். அங்கே நிறுவுவதற்காக அல்ல. பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கேமோடு சேவ்களையும் எடுங்கள். ஃபால்அவுட்டில் அவை கேமின் டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும். பால்டர்ஸ் கேட் மேம்பட்ட பதிப்பில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். அல்டிமா 4இல் ஒரே ஒரு சேவ்தான்; எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் அதுவும் போகும், ஆகவே ஒவ்வொரு நாளும் ஃபோல்டரையே நகலெடுங்கள். கோல்ட் பாக்ஸில் ஏ முதல் ஜே வரை பத்து இடம் உண்டு. மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பூல் ஆஃப் ரேடியன்ஸ் முடிந்ததும் சேவ் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதே வீரர்களை 1989இன் ‘கர்ஸ் ஆஃப் தி அஸூர் பாண்ட்ஸ்’ கேமுக்குக் கொண்டுபோகலாம், அங்கிருந்து 1991இன் ‘பூல்ஸ் ஆஃப் டார்க்னஸ்’ வரை.

கடையில் இல்லாதவையும் உண்டு. எஃப்.டி.எல். நிறுவனத்தின் 1987 ‘டன்ஜன் மாஸ்டர்’ அப்படிப்பட்டது. அதற்கு முறையான வழி பழைய பெட்டி ஒன்றுதான். அந்தச் சுவை மட்டும் போதும் என்றால் 2012இன் ‘லெஜெண்ட் ஆஃப் கிரிம்ராக்’ இருக்கிறது. கட்டம் கட்டமாக நடக்கும் அதே முறை. மற்ற கேம்களுக்கு ஜி.ஓ.ஜி.யின் ‘டிரீம்லிஸ்ட்’ பக்கத்தில் வாக்கிடலாம். உரிமையாளரிடம் பேசப் போகும்போது எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று காட்ட அது அவர்களுக்கு உதவும். கடையில் இருந்தும் இப்போது வாங்க முடியாதவற்றை விஷ்லிஸ்ட்டில் சேர்த்து, தள்ளுபடி மின்னஞ்சலைத் திறந்து வையுங்கள். கோடையிலும் குளிர்காலத்திலும் வரும் பெரிய விற்பனைகள் வட அரைக்கோளக் கணக்கில் நடப்பவை. அவர்களின் கோடை விற்பனை நமக்கு ஜூன், ஜூலைக் குளிரில் வரும்.